நடக்காத ஆறு கூட்டங்கள்

வந்திருந்தவர்கள்: ஹெச்.ஆர். மேனேஜர், புரொடக்ஷன் மேனேஜர், வெல்ஃபேர் ஆபீசராகிய நான். வராதவர்கள்: குறைதீர்ப்புக் குழுவின் தொழிலாளர் பிரதிநிதிகளான ஆறு பெண்கள். அந்த நேரத்தில் அவர்கள் கீழ்த்தளத்தில் குழந்தைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள். அதோடு, தாங்கள் அப்படியொரு குழுவில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பெங்களூருக்கு வெளியே, அத்திபெலேயிலிருந்து ஆனேக்கல் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் கம்பெனி. அறுநூறு பேர் தைக்கிறார்கள். பாதிக்கு மேல் ஓசூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். தைத்த சட்டை கப்பலேறிப் போகும். அங்கே வாங்குகிற கம்பெனிக்கு, சட்டையைத் தைத்தவர்கள் மனம் நோகாமல் தைத்தார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக வருஷத்துக்கு ஒருமுறை ஆடிட்டரை அனுப்பும். ஆடிட்டர் கேட்கும் முதல் ஃபைல், குறைதீர்ப்புக் குழு மாதாமாதம் கூடிப் பேசியதன் மினிட்ஸ். ஆடிட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. எங்கள் ஃபைலில் மினிட்ஸ் இல்லை, அட்டை இருந்தது. நல்ல அட்டை.

நான் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு முன்பிருந்த வெல்ஃபேர் ஆபீசர் வேறு வேலைக்குப் போகும்போது எனக்கு விட்டுச்சென்றவை இரண்டு: அந்த அட்டையும், முதலுதவிப் பெட்டியின் சாவியும். பெட்டி அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது.

ஹெச்.ஆர். மேனேஜர் நல்ல மனிதர். யாரையும் அதட்டிப் பேசமாட்டார். பெங்களூரில் நாலு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். தாத்தாவின் அப்பா மகாராஜா காலத்தில் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர் என்பதை நான் சேர்ந்த முதல் நாளே சொன்னார், இரண்டாம் நாளும் சொன்னார். அன்றைய கூட்டத்தில் அவர் விஷயத்தை ஒரே மூச்சில் முடித்தார்.

"நோடப்பா, ஜனவரிலேர்ந்து ஜூன் வரைக்கும் ஆறு மீட்டிங் எழுதிடு. சின்னச் சின்ன கம்ப்ளெயின்ட்டா போடு. சாம்பார்ல உப்பு கம்மி, அந்த மாதிரி. அடுத்த மாசம் உப்பு சரியாயிடுச்சுன்னு க்ளோஸ் பண்ணிடு."

"நடுவுல ரெண்டு தடவ நன்றி சொன்னாங்கன்னும் போடு" என்றார் புரொடக்ஷன் மேனேஜர். சொல்லிவிட்டு ஷிப்மென்ட் இருக்கிறதென்று எழுந்து போய்விட்டார்.

மினிட்ஸ் தமிழில் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. தொழிலாளர்கள் படிக்கிற பாஷையில் இருக்க வேண்டும் என்பது வாங்குகிற கம்பெனியின் விதி. கன்னடப் பிரதியை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

எனக்கு அது பொய் எழுதும் வேலை என்று உறைத்தது. ஆனால் எழுதும் வேலை என்பது அதைவிடப் பலமாக உறைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்பிலிருந்து ரேஷன் கார்டு, கரன்ட் பில், சொசைட்டி நோட்டீஸ் எல்லாம் வீட்டில் என் குரலில்தான் ஒலித்தன. எழுத்து விஷயத்தில் அரைகுறை வேலை எனக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அறையில் உட்கார்ந்து, பரீட்சைக்கு எழுதுவதுபோல் எழுதினேன். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் "உறுப்பினர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் வழங்கப்பட்டன" என்று சேர்த்தேன். கூட்டம் என்றால் டீ இருக்கும் என்று ஒரு எண்ணம். உப்பு, மின்விசிறிச் சத்தம், நன்றி, மறுபடி நன்றி என்று ஆறு கூட்டமும் எட்டுப் பக்கத்தில் முடிந்தன.

இனி ஆறு கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நாலாவது லைனுக்குப் போனேன். காலர் தைக்கும் அக்கா அங்கேதான் இருந்தார். நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை, மகள் ஓசூரில் நர்சிங் படிக்கிறாள். டிபன் பாக்ஸைத் திறந்தபடி என் தாளைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

கமிட்டி மினிட்ஸ் என்றும், அவர் அதில் உறுப்பினர் என்றும் சொன்னேன்.

"எப்போலேர்ந்து?"

"ஆறு மாசமா அக்கா."

அவர் ஒரு வாய் சோற்றோடு அதையும் மென்றார். பிறகு, "சரி, நான் என்ன பேசினேன்? படிச்சுக் காட்டு" என்றார்.

படித்தேன். சாம்பாரில் உப்புக் குறைவாக உள்ளதைப் பிரதிநிதி சுட்டிக்காட்டினார்.

"நான் வீட்டுச் சோறு கட்டியாறவ. உங்க கேன்டீன் சாம்பாரத் தொட்டதே இல்ல. அதில்லாம, ஆறு மாசத்துல ஒரு வாட்டி மேனேஜர் முன்னாடி உக்காந்து வாயத் தொறந்தேன்னு வையி, உப்பப் பத்தியா கேப்பேன்?"

"வேற என்ன கேட்டிருப்பீங்க?" என்றேன்.

நான் செய்த தவறு அதுதான். கேட்டதுகூடப் பெரிதில்லை. கையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

அவர் டோக்கனைப் பற்றிச் சொன்னார். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பாத்ரூம் டோக்கன் உண்டு. நாற்பது பெண்களுக்கு ஒன்று. மறந்துபோய் யாரும் பையில் போட்டுக்கொள்ளக் கூடாதென்று அடிஸ்கேல் நீளத்துக்கு ஒரு மரப்பலகை, அதில் சிவப்புப் பெயின்ட்டில் லைன் நம்பர். அதை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். பெண்கள் பாத்ரூமில் நாலு கதவு, எதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஆகவே உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பலகையோ ஒன்றுதான். பிடிக்கப் போனவள் டோக்கன் இல்லாமல் வந்தவள் ஆகிறாள். அக்காவுக்கு சுகர் உண்டு. அவசரத்துக்குப் பலகை இல்லாமல் ஓடியதற்கு ஒரு மெமோ. இன்னொருத்திக்குக் கதவு பிடித்ததற்கு ஒரு மெமோ. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

"எழுதிட்டியா?" என்றார்.

எழுதியிருந்தேன். அவர் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அவசரத்துக்கு ஓடினது கரெக்டு. ஆனா ‘வேண்டிக்கொண்டார்’னு போட்டிருக்கியே, நான் வேண்டிக்கல. கேட்டேன்" என்றார். திருத்தினேன். அதன் பிறகே கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலைக்குள் செய்தி மற்ற ஐந்து பேருக்கும் போய்விட்டது. மறுநாள் எனக்காகக் காத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தான் பேசியதைக் கேட்டார்கள். யாருக்கும் தான் பேசியது பிடிக்கவில்லை. அயர்ன் டேபிள் அக்கா, குடிதண்ணீர் டிரம் டீசல் வாடை அடிப்பதைத்தான் பேசியிருப்பேன், மின்விசிறிச் சத்தம் தனக்குத் தாலாட்டு மாதிரி, அதைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன் என்றார். ஆனேக்கல்லிலிருந்து வரும் கன்னடக்கார அம்மா, நான் எல்லாருக்கும் படித்துக் காட்டியதை உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, காலர் அக்காவுக்கு ஒரு பக்கம் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

"அவளுது அவ்ளோ நீளம். நன்னது யாக்கே ரெண்டே வரி?"

அவருக்கும் ஒரு பக்கம் கொடுத்தேன்.

பட்டன் மெஷின் பெண் மட்டும் வேறு மாதிரி தகராறு செய்தாள். மார்ச் மாதக் கூட்டத்தில் அவள் பேசியதாக எழுதியிருந்தேன். "மார்ச்சுல நான் லீவு சார். நாத்தனார் கல்யாணம். நான் வரலன்னு எழுதுங்க, பொய்யெல்லாம் வேணாம்" என்றாள். நடக்காத கூட்டத்துக்கு அவள் வராததைப் பதிவு செய்தேன். அவள் பேசியதை வேறு யாருக்காவது கொடுக்கலாமா என்று கேட்டேன். யாருக்கு என்றாள். செக்கிங் டேபிளில் இருப்பவரைச் சொன்னேன். "அவங்களுக்கா? வேணவே வேணாம், ஏப்ரல்ல நானே பேசிக்கிறேன்" என்றாள்.

கடைசியாகக் கையெழுத்திட்ட செக்கிங் டேபிள் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டீ, பிஸ்கட் குடுத்தாங்கன்னு வருதே, அது எங்க?" என்றார்.

"அது சும்மா எழுதினதுக்கா."

"நீ எழுதினது சரி. குடிச்சது யாரு?"



எட்டுப் பக்கம் முப்பத்தொரு பக்கம் ஆயிற்று. இப்போது ஒரு சிக்கல் வந்தது. ஜனவரியில் எழுந்த டோக்கன் பிரச்சினை பிப்ரவரியிலும் எழுந்தது, ஏப்ரலில் இரண்டு முறை எழுந்தது. ஜூனில் அதை எப்படியாவது முடிக்க வேண்டும். முடியாத குறை ஃபைலில் இருந்தால் ஆடிட்டில் மார்க் போய்விடும். ஆகவே ஜூன் மாதக் கூட்டத்தில் ஹெச்.ஆர். மேனேஜரைப் பேசவைத்தேன். டோக்கன் முறை ரத்து செய்யப்படுகிறது. எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டு, புதிதாக இரண்டு கழிப்பறை கட்டியாயிற்று. காலர் தைக்கும் பிரதிநிதியின் இரண்டு மெமோவும் திரும்பப் பெறப்படுகின்றன. "உங்கள் குறை என் குறை" என்று மேலாளர் உருக்கமாகக் கூறினார். அவருக்கு விருப்பமில்லாததை அவர் சிவப்பு மையில் அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அதற்குத்தானே சரிபார்க்கக் கொடுக்கிறோம்.

வெள்ளிக்கிழமை அவர் மேஜையில் வைத்து, படித்துக் காட்டட்டுமா சார் என்று கேட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"என்னப்பா, நாங்க நாலு தலைமுறையா வீட்ல தமிழ்தான் பேசறோம்."

விரலை வைத்து வரி வரியாக நகர்த்தினார். ம், ம் என்றார். பாதியோடு முடிந்திருந்த பக்கத்திலும் விரல் அடிவரை போய்த் திரும்பியது. அப்போது எனக்கு அது ஆழ்ந்து யோசிப்பதாகவே பட்டது. ஹேண்ட்ரைட்டிங் சூப்பர் என்று சொல்லி, முப்பத்தொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். சிவப்புப் பேனாவைத் திறக்கவே இல்லை.

என் அப்பா கைநாட்டு வைக்கும் ஆள். எந்தத் தாளானாலும் "இன்னொரு வாட்டி படி" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கட்டை விரலை மையில் அமுக்குவார். பள்ளிக்கூடம் போகாதவரே அப்படியென்றால், எம்.பி.ஏ. படித்தவர் எவ்வளவு கவனமாகப் படித்திருப்பார். எங்கள் மேனேஜர் ஒரு மகான் என்று அன்று முடிவு கட்டினேன். நேரே கீழ்த்தளத்துக்குப் போய் ஆறு பேரிடமும் சொன்னேன்: சார் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார், கையெழுத்தும் போட்டுவிட்டார். மாலையில் காலர் அக்கா மேனேஜரின் கார் அருகே நின்று, நீங்க நல்லா இருக்கணும் சார் என்று கும்பிட்டார். எதற்கென்று தெரியாமலே, எல்லாம் உங்களுக்காகத்தானேம்மா என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார். அந்த வார்த்தை நான் ஜூனில் அவருக்கு எழுதிக் கொடுத்ததைவிட நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை காலை காலர் அக்கா பலகையை எடுக்காமல் பாத்ரூம் போனார். ரத்தாகிவிட்டது என்று நான்தானே சொன்னேன். சூப்பர்வைசர் அவர் திரும்பி வரும் வரை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மத்தியானம் மூன்றாவது மெமோ வந்தது.

"நீ சொன்னியேன்னுதான் தம்பி போனேன்" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேலே ஓடினேன். அக்காவின் வேலை நீக்கக் கடிதம் அதற்குள் டைப் ஆகியிருந்தது. ஆடிட் புதன்கிழமை, ஆடிட் முடியாமல் யாரையும் நீக்கக் கூடாது என்பதால் தேதி வியாழன் என்று போட்டிருந்தார்கள். ஹெச்.ஆர். கிளார்க் சுறுசுறுப்பானவர், கடிதத்தின் நகலை அக்காவின் ஃபைலில் முன்கூட்டியே கோத்தும் வைத்துவிட்டார்.

"சார், டோக்கன் ரத்துன்னு நீங்கதானே சைன் பண்ணீங்க?" என்றேன்.

"எங்கப்பா?"

பக்கத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு, கண்ணாடி கொண்டுவரவில்லை, நீயே படி என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேல் இருந்தது.

படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு விளங்கிற்று. அவர் படித்தது கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் அவருக்குக் காதிலும் வாயிலும் இருந்தது, கண்ணில் இல்லை. பெங்களூரில் அடுகோடியிலிருந்து அல்சூர் வரை அப்படி எத்தனையோ குடும்பங்கள் உண்டு என்றும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. "உங்கள் குறை என் குறை" என்ற இடம் வந்தபோது நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் மாற்றி எழுது என்றார். ஆறு பேரும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டுமே, உப்புக்கு அவர்கள் போடமாட்டார்கள் சார் என்றேன். நீயே போடு என்றார். எனக்கு ஒரே கையெழுத்துதான் வரும் என்றேன். உண்மையும் அதுதான். அவர் ஃபைலை மூடினார்.

"விடு. பதினோரு ஆடிட் பாத்தவன் நான். சைன் இருக்கா, டேட் இருக்கான்னு பாப்பாங்க. இதையெல்லாம் யாரும் படிக்கமாட்டாங்க."

அக்காவின் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். அது புரொடக்ஷன் மேனேஜர் கேட்டது, அதில் நீ தலையிடாதே என்றார்.

புதன்கிழமை வந்த ஆடிட்டர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்த பெண். முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில். மேனேஜரிடம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பேசினார். அவர் தமிழ் பேசாததைக் கவனித்து மேனேஜர் எனக்கு ஒரு புன்னகை அனுப்பினார். ஆடிட்டர் மினிட்ஸ் ஃபைலைத் திறந்தார், முதல் பக்கத்தில் ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். நாலாவது பக்கத்தில் சிரித்தார்.

மேனேஜரின் புன்னகை பாதியில் நின்றது.

அடுகோடியில் பிறந்தவராம். அம்மா வாங்கும் வாரப் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தே தமிழ் படிக்கக் கற்றவராம். முப்பத்தொரு பக்கத்தையும் ஒரு மணி நேரம் படித்தார். பிறகு ஆறு பேரையும் தனித்தனியாகப் பார்த்தார். பிறகு பாத்ரூம் பக்கம் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது தமிழுக்கு மாறியிருந்தார்.

"இப்படி ஒரு உயிரோட்டமான கமிட்டிய நான் பாத்ததில்ல சார். ஆறு பேரும் எந்த மாசம் என்ன பேசினாங்கன்னு வார்த்தை மாறாம சொல்றாங்க. ஒருத்தங்க மார்ச்சுல நாத்தனார் கல்யாணத்துக்குப் போனதால வரலைன்னு வருத்தப்படறாங்க."

மேனேஜர் தண்ணீர் குடித்தார்.

"ஆனா கட்டியாச்சுன்னு எழுதியிருக்கிற ரெண்டு கழிப்பறையத்தான் காணோம். தாழ்ப்பாளும் காணோம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஜனவரி மினிட்ஸ் எழுதினது யாரு?"

"நான்தான் மேடம்."

"நீங்க எப்போ வேலைக்குச் சேந்தீங்க?"

"ஜூன்ல மேடம்."

அவர் ஜனவரிப் பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"நல்ல கையெழுத்து" என்றார்.

அடுத்து காலர் அக்காவின் ஃபைலைக் கேட்டார். கிளார்க் ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தார். அதில் மூன்று மெமோ இருந்தன, நாளைய தேதியிட்ட கடிதமும் இருந்தது. அதையும் மினிட்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஜூன்ல மெமோவ வாபஸ் வாங்கிட்டேன்னு இங்க நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. படிச்சுட்டுதானே போட்டீங்க?"

படிக்கவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் அக்கா நாளைக்கு வீட்டில். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், ஏன் படிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாலு தலைமுறையும் மேனேஜர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது எனக்கே தெரிந்தது.

"படிச்சேன் மேடம்" என்றார்.

"அப்போ ரெண்டுல ஒண்ணு. இந்த மினிட்ஸ் பொய்னா நான் ஒரு மாதிரி எழுதணும். அதுக்கப்புறம் இந்த ஆர்டர் உங்களுக்கு இருக்காது. நிஜம்னா, ஒத்துக்கிட்ட வேலை லேட்டுன்னு எழுதணும். எதை எழுதட்டும்?"

"லேட்டுன்னு எழுதுங்க மேடம்" என்றார் மேனேஜர். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பிறகு பேனாவை எடுத்து, அக்காவின் மூன்று மெமோவிலும் குறுக்கே கோடு போட்டார். கடிதத்தை நாலாகக் கிழித்தார். ஆடிட்டர் மூன்று மாதம் கெடு கொடுத்தார், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்க்கத் தானே வருவேன் என்றார். போகும்போது, அடுத்த கூட்டத்தை நடத்திவிட்டு எழுதுங்கள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

என் வேலை போகவில்லை. என்னை அனுப்பினால் அந்த முப்பத்தொரு பக்கத்தில் என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்ல ஆபீசில் வேறு ஆளில்லை என்பது காரணமாக இருக்கலாம். இப்போதெல்லாம் தமிழில் எது வந்தாலும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறார். முடித்ததும் இன்னொரு தடவை படி என்கிறார்.

ஆகஸ்டில் குறைதீர்ப்புக் குழுவின் ஏழாவது கூட்டம் முதல் முறையாக நடந்தது. ஆறு பேரும் வந்தார்கள். கொத்தனார் வேலை பாதி முடிந்திருந்தது, தாழ்ப்பாள்கள் வந்து இறங்கியிருந்தன. காலர் அக்கா தாழ்ப்பாள் ஒன்றை வாங்கி, இரண்டு தடவை இழுத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு, ம் என்று கீழே வைத்தார். நாலாவது லைன் பலகை மேனேஜரின் ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. டீ வந்தது. செக்கிங் டேபிள் அக்கா குடித்துமுடித்து, தம்ளரை வைத்துவிட்டு, இது ஏழாவது கூட்டத்து டீ, முதல் ஆறு கூட்டத்துடையது எங்கே என்று மேனேஜரைப் பார்த்துக் கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். எழுத்தில் இருக்கிறது சார் என்றேன்.

அதையும் கொடுத்தார்கள். ஆறு பேருக்கு ஆறு கூட்டம், முப்பத்தாறு டீ, பிஸ்கட்டோடு. பட்டன் மெஷின் பெண் மார்ச் மாதத்துடையது தனக்கு வேண்டாம், தான் வரவில்லையே என்று மறுத்துவிட்டதால் முப்பத்தைந்து. டீயும் பிஸ்கட்டும் பதினைந்து ரூபாய் வீதம் ஐந்நூற்று இருபத்தைந்து. கழிப்பறை இரண்டு, தாழ்ப்பாள், புதுத் தண்ணீர் டிரம், கொத்தனார் கூலி எல்லாம் சேர்ந்து மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு. நடக்காத ஆறு கூட்டங்களுக்குக் கம்பெனிக்கு ஆன மொத்தச் செலவு, மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து ரூபாய்.